பாதியில் நிற்கும் பிளவுஸுக்கு பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்க்கலாமா?

சங்ககிரி வெயிலில், அதுவும் ஏப்ரல் மாசத்துல, யாராவது ஸ்வெட்டர் பின்னுவாங்களா? பின்னுறாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு வீடியோ பார்த்து, கையோட உல்லன் நூல் ஆர்டர் போட்டு, முதுகுப் பக்கத்தை ஒரே வாரத்துல முடிச்சு, முன்பக்கத்துல பாதி வந்ததும் நின்னு போயிருக்கும். கை ரெண்டும் பாக்கி. இப்ப அது ஒரு துணிக்கடை கவருக்குள்ள, பீரோ மேல இருக்கு. அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கணும்னா இங்கிருந்து ஏற்காடு ஏறணும்.

சிரிப்பா இருக்கலாம். ஆனா சைடு இன்கம் பத்தி வீடியோ போடும்போதெல்லாம் தையல், ஆரி ஒர்க், குரோஷே பத்தித்தான் நிறைய பேர் கேக்கறாங்க. மிஷின் வாங்கலாமா? இஎம்ஐ-ல வாங்கலாமா? இதுவரைக்கும் இவ்வளவு போட்டுட்டேன், விடவும் மனசு வரலை, முடிக்கவும் முடியலை, என்ன பண்றது? முதல் ரெண்டு கேள்விக்கு பதில் சின்னது. மூணாவதுதான் பெரிசு. ஏன்னா அது துணியோட நிக்கிற கேள்வி இல்லை.

நம்ம பக்கத்துல இந்த வியாதி கொஞ்சம் அதிகமா இருக்கறதுக்கு ஒரு காரணம், துணி கண்ணு முன்னாடியே கிடக்குது. ஈரோடு கனி மார்க்கெட் பக்கத்துலதான். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறி ஓடுது. இளம்பிள்ளைல சேலை. திருப்பூர்ல இருந்து வர்ற பனியன் கட் பீஸை கிலோ கணக்குல அள்ளிட்டு வரலாம். மலிவா கிடைக்குதுன்னு வாங்கறது வேற, தைக்கப் போறேன்னு வாங்கறது வேற. பில்லுல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தவணை முறைக்கும் தையல் மிஷினுக்கும் பழைய சொந்தம்

இன்னைக்கு நம்ம போன் வாங்கற இஎம்ஐ முறையை வீட்டு வீட்டுக்கு பிரபலமாக்கினதே தையல் மிஷின்தான். 1850-கள்ல அமெரிக்காவுல சிங்கர் மிஷின் விலை 100 டாலருக்கு மேல. சாதாரணக் குடும்பம் மொத்தமா கொடுத்து வாங்க முடியாத காசு. சிங்கரோட பார்ட்னர் எட்வர்ட் கிளார்க் ஒரு வக்கீல். 1856-ல அவர் ஒரு வழி கண்டுபிடிச்சார்: கொஞ்சம் முன்பணம் கட்டி மிஷினை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, மீதியை மாசாமாசம் கட்டு. விற்பனை எகிறிடுச்சு. மிஷின்னாலே சந்தேகமா பார்த்த காந்தி கூட தையல் மிஷினுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்னா அதோட கவர்ச்சியைப் பாத்துக்கங்க.

கிளார்க் காலத்து கணக்குல ஒரு நியாயம் இருந்தது. மிஷின் வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஓட ஆரம்பிக்கும், அதுல தைச்சு தவணை கட்டலாம். நம்ம கதையில தவணை ஓடும், மிஷின் நிக்கும்.

“நோ காஸ்ட் இஎம்ஐ சார், வட்டியே இல்லை”ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. மிஷின் 18,000 ரூபாய், 12 மாசம், மாசம் 1,500. கார்டு வட்டி வருஷத்துக்கு 16 சதவீதம்னு வச்சுக்கங்க. கடைக்காரர் சுமார் 1,468 ரூபாயை தள்ளுபடியா கழிச்சுக் காட்டுவார், பேங்க் அதையே வட்டியா போடும். உங்களுக்கு சமமாத் தெரியும். ஆனா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு, அது 264 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கும் ஜிஎஸ்டி. ஆக சுமார் 500 ரூபாய் கூட. இது பெரிய தொகை இல்லை. ஆனா “நோ காஸ்ட்”னு பேரு வச்சதுக்கு 500 ரூபாய் அதிகம்தான். சும்மா இருக்கற வட்டின்னு ஒன்னு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013-ல பேங்குகளுக்குச் சொல்லியாச்சு. புதுசா மிஷின் வாங்கறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22-ல இருந்து தையல் மிஷினுக்கு ஜிஎஸ்டி 12-ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. பில்லுல பாத்து வாங்குங்க.

தவளை, எறும்புப் புற்று, ஒத்தை சாக்ஸ்

வெளிநாட்டுப் பின்னல்காரங்க இந்த விஷயத்துல நம்மளை விட நேர்மையானவங்க. பாதியில நிக்கிற வேலைக்கு அவங்க வச்சிருக்கற பேரு யுஎஃப்ஓ. பறக்கும் தட்டு இல்லை, முடியாத பொருள். ஆயுசு முழுக்கப் பின்னினாலும் தீராத அளவுக்கு நூல் சேத்து வைக்கறதுக்கு ஒரு பேரு. முதல் சாக்ஸை ஆசையா முடிச்சுட்டு ரெண்டாவதை ஆரம்பிக்கவே மனசு வராம போறதுக்கு ஒரு பேரு, “ரெண்டாவது சாக்ஸ் நோய்”. பின்னினதை மொத்தமா பிரிக்கறதுக்கு “தவளை ஆக்கறது”. பிரிக்கறதுக்கான ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னா தவளை கத்தற மாதிரியே இருக்குமாம்.

2007-ல ஆரம்பிச்ச ராவெல்ரின்னு ஒரு இணையதளம் பின்னல்காரங்களுக்கு பேஸ்புக் மாதிரி. அதுல நீங்க போடற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிலை குறிக்கணும்: ஓடிக்கிட்டிருக்கு, முடிஞ்சது, தூங்குது, தவளை ஆகிடுச்சு. ஒரு ஆடிட்டரா எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. நம்ம ஆளுங்க மியூச்சுவல் ஃபண்டு ஆப்புல கூட இவ்வளவு தெளிவா பிரிச்சு வைக்கறதில்லை. எல்லாமே “ஓடிக்கிட்டிருக்கு”தான்.

பின்னல்ல ஏன் இவ்வளவு பாதியில நிக்குதுன்னா, சின்னத் தப்பு கடைசியிலதான் தெரியும். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வரணும்னு டிசைன்ல போட்டிருக்கு. உங்க கை கொஞ்சம் தளர்வு, 18 தான் வருது. ரெண்டு கண்ணிதானேன்னு விட்டுடுவீங்க. சுத்தளவுக்கு 200 கண்ணி. 100 சென்டிமீட்டர் வரவேண்டிய ஸ்வெட்டர் 111 வரும். உங்களுக்குப் பின்னினது மாமாவுக்கு சரியா இருக்கும். இதைத் தவிர்க்க முதல்ல ஒரு சின்ன சதுரம் பின்னி அளந்து பார்க்கணும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

ஆடிட்டர் எப்படிப் பார்ப்பார்

எந்தத் தொழிற்சாலைக்கு ஆடிட் போனாலும் பாதி முடிஞ்ச சரக்கு இருக்கும். அதுக்கு என்ன மதிப்பு போடறதுன்னு எங்களுக்கு ஒரு விதி, கணக்கியல் தரம் 2. செலவு பண்ணின தொகை, இல்லைன்னா கைக்கு வரப்போற மதிப்பு, ரெண்டுல எது குறைவோ அதைத்தான் போடணும். கைக்கு வர்ற மதிப்புன்னா என்ன? முடிச்சு வித்தா கிடைக்கற விலையில இருந்து, முடிக்க இன்னும் ஆகற செலவையும் விக்க ஆகற செலவையும் கழிக்கணும்.

அந்தக் கழித்தல்ல ஒன்னு இல்லாததைக் கவனிச்சீங்களா? இதுவரைக்கும் எவ்வளவு போட்டோம்ங்கறது அதுக்குள்ள வரவே இல்லை. இனிமே எவ்வளவு ஆகும், அதுக்கு அப்புறம் எவ்வளவு வரும். அவ்வளவுதான்.

இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கணும்னு இல்லை. சங்ககிரி லாரிக்காரங்களுக்கு இது ரத்தத்துலயே இருக்கு. பழைய வண்டி எஃப்சி-க்கு வந்தா, போன வருஷம் இன்ஜினுக்கு எவ்வளவு போட்டோம்னு அழுதுட்டு உக்கார மாட்டாங்க. இப்ப எஃப்சி எடுக்க எவ்வளவு, எடுத்தா எத்தனை லோடு ஓடும், அப்படியே வித்தா எவ்வளவு. மூணு நிமிஷத்துல முடிவு.

மத்தவங்களுக்கு அது அவ்வளவு சுலபமா வராது. 1985-ல ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணினாங்க. நாடக சீசன் டிக்கெட்டை சிலருக்கு முழு விலைக்கும், சிலருக்குத் தள்ளுபடியிலயும் கொடுத்தாங்க. நாடகம் எல்லாருக்கும் ஒன்னுதான். ஆனா சீசனோட முதல் பாதியில, அதிக விலை கொடுத்தவங்கதான் அதிக நாடகத்துக்குப் போனாங்க. போட்ட காசு காலைப் பிடிச்சு இழுத்துட்டுப் போகுது.

சரி, நிஜக் கணக்குக்கு வருவோம். அந்தப் பொண்ணோட அனுமதியோட எழுதறேன், பேரு வேண்டாம். வீடு சங்ககிரி, வேலை ஈரோட்டுல ஒரு தனியார் கம்பெனி, கைக்கு 27,000 சம்பளம். ரெண்டு வருஷத்துல மிஷின் 18,000, ஆரி கிளாஸ் 6,000, ஸ்டாண்டு, பாசி, ஜரி, நூல் எல்லாம் சேத்து 11,500, துணியும் உல்லனும் 9,000. மொத்தம் 44,500. முடிஞ்சது மூணு பொருள். பாதியில நிக்கிறது பதினாலு.

வந்து கேட்டது வேற. “ஆடிட்டர் சார், கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் ஒன்னு போட்டுட்டா எல்லாத்தையும் முடிச்சுடுவேனுங்க. 2 லட்சம் பர்சனல் லோன் கிடைக்குது. அப்புறம் வேலையை விட்டுட்டு முழுசா இதுலயே இறங்கிடலாம்னு இருக்கேன். இல்லைன்னா இதுவரை போட்ட 44,500 வீணாப் போயிடுமுங்க சார்.”

15 சதவீத வட்டி, மூணு வருஷம்னா மாசம் 6,933 ரூபாய். சம்பளத்துல நாலுல ஒரு பங்குக்கு மேல. மொத்த வட்டி மட்டும் கிட்டத்தட்ட 49,600. அதாவது 44,500 வீணாகக் கூடாதுன்னு 49,600 கட்டப் போறாங்க. நான் பேசலை, பதினாலையும் எடுத்துட்டு வாம்மான்னு மட்டும் சொன்னேன். ரெண்டு கட்டப்பை வந்தது.

முதல்ல, முடியற நிலையில இருக்கறது நாலு. சுடிதார் ரெண்டு, நைட்டி ஒன்னு, பிளவுஸ் ஒன்னு. ஹூக் வைக்கணும், கீழ மடிச்சு அடிக்கணும், காஜா எடுக்கணும். ஒவ்வொன்னுக்கும் 40, 50 ரூபாய், அரை மணி நேரம். கடையில வாங்கினா 600-ல இருந்து 900 ஆகற பொருள். ஹூக் வைக்கற வேலை பிடிக்கலைன்னு ஒன்றரை வருஷமா கிடக்குது! இதை யோசிக்கவே வேண்டாம். காஜாக் கடையில கொடுத்துட்டு அன்னைக்கே ஊசியை எடுக்கணும்.

அந்த ஏற்காடு ஸ்வெட்டர். போட்டது 2,200. முடிக்க நூல் இன்னும் 700, நேரம் 50 மணி. அதே மாதிரி கடையில 1,200-க்குக் கிடைக்குது. 1,200-ல 700 போனா 500. அதுக்கு 50 மணி நேரம். மணிக்கு 10 ரூபாய் கூலி, நூறு நாள் வேலைக்குப் போனா இதைவிட மேல. தவளை ஆக்கிடுன்னு சொன்னேன். முகம் வாடிப் போச்சு. ஆனா உல்லன்ல ஒரு நல்ல குணம், பிரிச்சா நூல் திரும்பக் கிடைக்கும். துணியில கத்திரி வச்சா வச்சதுதான். ஃபிக்ஸட் டெபாசிட்டை முன்கூட்டி உடைச்சா கொஞ்சம் வட்டிதான் குறையும், அசல் வந்துடும். அது உல்லன் ஜாதி. எல்லாப் பணமும் அந்த ஜாதி இல்லை.

அக்கா பொண்ணுக்கு ஆரம்பிச்ச பாவாடை சட்டை ரெண்டு. ஆரம்பிச்சப்ப குழந்தைக்கு ரெண்டு வயசு, இப்ப எல்கேஜி போகுது. மதிப்பு சைபர். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தும்னு அப்படியே கொடுத்தாச்சு, மீதியை அந்த அம்மாவே அடிச்சுக்கிட்டாங்க. ஒரு தலையணை உறையும் அதே கதை. குரோஷே யானை ஒன்னு, தும்பிக்கை மட்டும் பாக்கி. தும்பிக்கை இல்லாததால இப்போதைக்கு அது எலி. ஸ்வெட்டர்ல இருந்து பிரிச்ச நூல்லயே தும்பிக்கை வந்துடும்.

விஷயம் மீதி அஞ்சுலதான் இருந்தது. ஆவணியில சித்தி பொண்ணு கல்யாணம், சொந்தக்காரங்க கொடுத்த ஆரி பிளவுஸ் ஆர்டர். ஒன்னு 2,500, அட்வான்ஸ் 1,500 வீதம் 7,500 வாங்கியாச்சு. அந்த 7,500 எங்கம்மான்னு கேட்டேன். அடுத்த டிசைனுக்குப் பாசி வாங்கிட்டாங்களாம். அட்வான்ஸ் வருமானம் இல்லை, கடன். முடிச்சுக் கொடுக்கற வரைக்கும் அது அத்தையோட பணம்தான்.

ஒவ்வொரு பிளவுஸையும் முடிக்க இன்னும் 250-க்குப் பொருள், தைக்கற வேலையை டெய்லர்கிட்ட கொடுத்தா 450. அஞ்சுக்கும் சேத்து 3,500. முடிச்சா வர வேண்டிய பாக்கி 5,000. அதாவது கையில 1,500 நிக்கும். முடிக்கலைன்னா 7,500 திருப்பணும். ரெண்டுக்கும் நடுவுல 9,000 ரூபாய் வித்தியாசம், சொந்தத்துக்குள்ள பேரு போறது தனி. நேரம்? ஒரு பிளவுஸுக்கு இன்னும் 12 மணி வீதம் 60 மணி. ஆவணிக்கு எட்டு வாரம் இருந்தது. சனி, ஞாயிறு சேத்து வாரம் 8 மணி நேரம்னா 64. நூல் பிடிச்ச மாதிரி சரியா வருது. வேற எதையும் தொடாம இருந்தா.

நாலு பிளவுஸ் நேரத்துக்குப் போச்சு. அஞ்சாவது கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி முடிஞ்சது. ஒரு கை இறுக்கமா வந்து, டெய்லர் அண்ணன் காலையில பிரிச்சு விட்டுக் கொடுத்தார்.

அப்புறம் உக்காந்து இன்னொரு கணக்கு போட்டோம், வேலையை விடற கேள்விக்கு. அஞ்சு பிளவுஸோட விலை 12,500. ஆரம்பத்துல போட்ட பொருள் 3,500, முடிக்க ஆனது 3,500. மிஞ்சினது 5,500. முதல்ல இருந்து போட்ட உழைப்பு சுமார் 110 மணி. மணிக்கு 50 ரூபாய். கம்பெனி வேலையில மாசம் 208 மணிக்கு 27,000, மணிக்கு 130 ரூபாய். பிளவுஸை 3,500-ன்னு ஏத்தி வித்தாக் கூட மணிக்கு 95 தான் வருது. கை வேகம் கூடணும், இல்லைன்னா கல்யாணப் பொண்ணு பிளவுஸ் மாதிரி விலை கூடின வேலை வரணும். அது வர்ற வரைக்கும் வேலை இருக்கட்டும். லோன் வாங்கலை. அந்த 6,933-ல 3,000 மட்டும் இப்ப எஸ்ஐபி-ல போகுது. மிஷினையும் விக்கலை, ஆர்டர் வந்துகிட்டுத்தான் இருக்கு.

வீட்டுல அம்மா முழு நேரமா தைக்கறவங்களா இருந்தா பர்சனல் லோனுக்கு முன்னாடி மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க. தமிழ்நாடு அரசு 2025-ல ஆரம்பிச்ச கலைஞர் கைவினைத் திட்டத்துல 35 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு 3 லட்சம் வரைக்கும் கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய்னு இருக்கு.

பீரோ மேல இருக்கற இன்னொரு கவர்

நிறைய பேர் வீட்டுல ஸ்வெட்டர் கவருக்குப் பக்கத்துல இன்னொரு கவர் இருக்கும். வேலைக்குச் சேந்த முதல் வருஷம், வரி மிச்சம்னு யாரோ மாமா போட்டுவிட்ட எண்டோவ்மென்ட் பாலிசி. வருஷம் 40,000, மூணு வருஷம் கட்டியாச்சு, இன்னும் பதினேழு வருஷம் பாக்கி. “1,20,000 கட்டிட்டேன் சார், இப்ப விட்டா நஷ்டம்.” அதே பின்னல்தான். 1,20,000-ஐ மறந்துட்டு மூணு நம்பர் கேளுங்க. இன்னைக்கு சரண்டர் பண்ணினா என்ன வரும்? இனிமே கட்டாம பெய்டு-அப் ஆக்கினா முடிவுல என்ன வரும்? தொடர்ந்து கட்டினா, இனிமே கட்டற பணத்துக்கு மட்டும் என்ன வட்டி விழுது? கம்பெனி இந்த மூணையும் எழுத்துல தரும். 2024 அக்டோபர் 1-ல இருந்து வந்த விதிப்படி, ஒரு வருஷ பிரீமியம் முழுசா கட்டியிருந்தாலே சரண்டர்ல முன்னைவிட நியாயமான தொகை வருது. சில பாலிசிகள்ல தொடர்றதுதான் லாபம்னு வரும். அது ஹூக் மட்டும் பாக்கி இருக்கற சுடிதார். குடும்பம் உங்களை நம்பி இருந்தா, தனியா டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்துட்டு அப்புறம்தான் சரண்டர்.

பெரிய வேலையை முடிச்சவங்களும் நம்ம ஊர்லயே இருக்காங்க. மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்னு சுபஸ்ரீ நடராஜன் ஆரம்பிச்ச ஒரு குழு. 2016 ஜனவரி 31-ல சென்னையில உலகத்துலயே பெரிய குரோஷே போர்வைன்னு கின்னஸ் சாதனை பண்ணினாங்க. அளவு 11,148.5 சதுர மீட்டர். ஆளாளுக்கு வீட்டுல உக்காந்து தனித்தனித் துண்டா பின்னி, கடைசியில சேத்தாங்க. ஒரு துண்டு முடிஞ்சா அது முடிஞ்சதுதான், யாரும் 11,000 சதுர மீட்டரை நினைச்சு பயப்பட வேண்டியதில்லை. எஸ்ஐபி-யும் அப்படித்தான் வேலை செய்யுது.

கடைசியா வரி. தையல்ல இருந்து காசு வர ஆரம்பிச்சா அது தொழில் வருமானம், ஐடிஆர்-1 போடக் கூடாது. வருஷ வரவு எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஐடிஆர்-4, உத்தேச வருமான முறையில போடலாம். ஜிபே, பேங்க் வழியா வந்த வரவுல குறைஞ்சது 6 சதவீதம், ரொக்கத்துல 8 சதவீதம் லாபம்னு காட்டணும். உண்மையில அதைவிட அதிகம் நின்னா அதைக் காட்டுங்க. அந்தப் பொண்ணு மாதிரி 12,500-ல 5,500 நின்னா 5,500 தான் லாபம். அட்வான்ஸ் தேதி, முடிச்சுக் கொடுத்த தேதி, பாக்கி வந்த தேதி, மூணையும் ஒரு நோட்டுல எழுதி வச்சாப் போதும். ஜிஎஸ்டி இப்போதைக்குத் தலைவலி இல்லை, உள்ளூர்ல பொருளா வித்தா வருஷம் 40 லட்சம், தைச்சுக் கொடுக்கற சேவைன்னா 20 லட்சம் தாண்டினாத்தான் பதிவு.

அப்புறம், “ஸ்வெட்டர்ல போன 2,200-ஐ சம்பளத்துல கழிச்சுக்கலாமா சார்?”னு ஒருத்தர் கேட்டிருந்தார். முடியாது. சொந்தத்துக்குப் பின்னினது தொழிலே இல்லை. தொழில்ல நிஜமாவே நஷ்டம் வந்திருந்தாலும் அதைச் சம்பளத்துல கழிக்க சட்டம் விடாது.